கடலில் கற்பதும் கற்பிப்பதும்: பாக் விரிகுடா குறித்துச் சில குறிப்புகள்

'அனுபவம்' என்கிற சொல்லை அறிவுக்கு எதிர்ப்பதமாகவே நாம் புழங்கி வருகிறோம். படித்தவனுக்கு அறிவு, பாடுபடுகிறவனுக்கு அனுபவம் என்று ஒரு பங்கீடு. மீனவர்களைப் பற்றி எழுதும்போது இது கூச்சமில்லாமலே வெளிப்படும்: கடல் அவன் ரத்தத்தில் ஊறியது, பிறவியிலேயே வந்த திறமை என்றெல்லாம். பாராட்டுப் போலத் தோன்றும் இந்தப் பேச்சு, அவனுக்கு யாரோ வருஷக்கணக்கில் கற்றுக்கொடுத்தார்கள் என்பதை மறைத்துவிடுகிறது. கற்றல் என்று ஒன்று இருந்ததாக ஒத்துக்கொண்டால்தான் அது அறுந்துபோனதையும் பேச முடியும். ராமேஸ்வரம் கடற்கரையின் இன்றைய சிக்கலை அந்த இடத்திலிருந்து பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

ஜீன் லேவும் எட்டியென் வெங்கரும் 1991இல் எழுதிய நூலில், லைபீரியத் தையற்காரர்களிடம் தொழில் பழகுகிறவர்கள் போன்ற உதாரணங்களை வைத்து, கற்றல் என்பது தலைக்குள் சரக்கேற்றுவதல்ல, ஒரு தொழிற்குழுவின் ஓரத்தில் நுழைந்து கொஞ்சங் கொஞ்சமாக நடுவுக்கு நகர்வது என்று வாதிட்டார்கள். ராமேஸ்வரம் தீவுக்காரர்களுக்கு இதைச் சொல்ல வெளியிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. வத்தையில் ஏறும் பையனுக்கு முதலில் தண்ணீர் இறைக்கிற வேலை, சோறாக்குகிற வேலை. யாரும் உட்கார்ந்து பாடம் நடத்துவதில்லை. ஏச்சு விழும், சிலசமயம் அடியும் விழும். தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. அவர்கள் பேச்சில் வடகடல், தென்கடல். வாடைக்காற்று மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், கச்சான் காலத்தில் தென்கடல். எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் போவது, நீரோட்டம் எப்போது திரும்பும், தண்ணீரின் நிறம் மாறினால் என்ன அர்த்தம் என்பதெல்லாம் பெரியவரின் கை போகிற போக்கைப் பார்த்துப் பார்த்துப் படிவது. கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் கொண்டுவந்து, இன்னொரு திசையிலும் அப்படியே இரண்டைப் பொருத்தி, கடலடியில் பார் கிடக்கும் இடத்தைப் பிடிப்பார்கள். குமரி மாவட்டத்தில் இதற்குக் கணிச்சம் என்று பேர். ஜி.பி.எஸ். வந்தபிறகு இது எதற்கு என்று பாம்பனில் ஒரு பெரியவரிடம் கேட்டேன். "மிசினு எடத்தக் காட்டும் தம்பி. வலைய எப்பத் தூக்கணும்னு காட்டுமா?" என்றார்.

இந்தக் கல்வியைப் புனிதப்படுத்த வேண்டியதில்லை. சாதியும் சொந்தமும்தான் அதன் வாசற்படி. சம்மாட்டியிடம் வாங்கிய முன்பணமும் அதற்குள் இருக்கிறது. தாயிடமிருந்தும் அத்தையிடமிருந்தும் பாசி எடுக்கக் கற்று, தீவுகளைச் சுற்றி மூழ்கி எழும் பெண்களைக் கடல்தொழிலாளி என்று எண்ணவே நமக்குப் பல காலமாயிற்று. ஆனாலும் கல்வி கல்விதான்.

அதை அறுத்தது இழுவைமடி. 1953இல் கேரளத்தில் தொடங்கிய இந்திய-நார்வே திட்டம், பிறகு இறால் ஏற்றுமதியில் கிடைத்த லாபம், அரசு மானியம் எல்லாம் சேர்ந்து விசைப்படகைப் பெருக்கின. அறுபதுகளின் கடைசி முதல் பாக் விரிகுடாவிலும் அவை பரவின. பெரும்பகுதி பதினைந்து மீட்டர்கூட ஆழமில்லாத கடல் அது. மீன் எங்கே நிற்கிறது என்று நுணுக்கமாகத் தெரிய வேண்டியதில்லை. தரையோடு இழுத்தால் அகப்பட்டதெல்லாம் வரும். இப்படிச் சொன்னால் டிரைவர்கள் கோபிப்பார்கள், முழுக்க நியாயமும் இல்லை. சேறு எது, பாறை எது என்று அறியாதவன் மடியைக் கிழித்துக்கொண்டுதான் வருவான். ஆனால் ஒரு பையன் அந்தப் படகில் பத்து வருஷம் இருந்தும் தூண்டில் போடவோ செவுள்வலை விடவோ கற்றிருக்க மாட்டான் என்பதும் உண்மை.

எதிர்க்கரையில் அறுத்தது யுத்தம். பாஸ் முறை, இரவுத் தடை, எஞ்சின் கட்டுப்பாடு, இடப்பெயர்வு என்று யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்களில் ஒரு தலைமுறை கடலுக்குச் சரியாகப் போகவே முடியவில்லை. 2009க்குப் பிறகு திரும்பியவர்கள், கடன் வாங்கிப் போட்ட வலைகளை நம் விசைப்படகுகள் அறுத்துப்போவதைக் கண்டார்கள். கச்சத்தீவு பற்றிப் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதும் நம் தோழர்கள் இந்த வலைகளைப் பற்றி அநேகமாக எழுதுவதில்லை. தமிழ் மீனவன் என்றால் இந்தக் கரைக்காரன் மட்டும்தானா? இலங்கைக் கடற்படை நம்மவர்களைச் சுட்டதும் சிறைபிடித்ததும் பொய்யல்ல. அந்த உண்மையைச் சொல்வதற்காக இதை விழுங்க வேண்டியதில்லை.

2017 ஜூலையில் இரண்டு காரியங்கள் நடந்தன. இலங்கை நாடாளுமன்றம் இழுவைமடியைத் தடைசெய்தது. அதே மாதம் ராமேஸ்வரத்தில், விசைப்படகைக் கைவிடுகிறவர்களுக்கு ஆழ்கடல் சூரைப் படகு தரும் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. படகு விலை 80 லட்சம்: மத்திய அரசு 40, மாநில அரசு 16, வங்கிக் கடன் 16, மீனவர் 8. மூன்றாண்டில் 2000 படகு என்றார்கள். அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை. கடன் சுமை, பராமரிப்புச் செலவு, சூரைக்குக் கிடைக்கும் விலை என்று காரணங்கள் பல, அவையெல்லாம் சரியே. நான் கேட்பது வேறு. அந்த 80 லட்சத்தில் வாத்தியாருக்கு எவ்வளவு?

ஒருநாள் போய் மறுநாள் கரைக்கு வருகிறவனை, வாரக்கணக்கில் ஆழ்கடலில் நின்று ஆயிரங்கால் தூண்டில் போடச் சொல்கிறார்கள். அது வேறு உறக்கம், வேறு சாப்பாடு, வேறு பயம். பயிற்சி வகுப்பு உண்டுதான். ஆனால் அந்தத் தொழிலில் கரைகண்டவர்கள் குமரி மாவட்டம் தூத்தூர்ப் பக்கத்து ஊர்க்காரர்கள். சுறாவைத் தேடி அரபிக்கடலில் குஜராத் வரை அலைந்து தாங்களாகவே கற்றவர்கள். ராமேஸ்வரத்துப் பையன் அவர்கள் படகில் இரண்டு மூன்று சீசன் ஆளாகப் போனால் கற்றுக்கொள்வான். அதுவரை வீட்டுக்கு அரிசி வேண்டும். அவனுக்கு ஒரு படியும், கற்றுக்கொடுக்கிறவருக்கு ஒரு சம்பளமும் படகு விலைக்கு முன்னால் பெரிய தொகையே இல்லை. ஃபூக்கோவின் 'அடக்கப்பட்ட அறிவுகள்' பற்றிக் கூட்டம் போட்டுப் பேசிய நாமும் இதை ஒரு கோரிக்கையாக வைக்கவில்லை.

இரு கரை மீனவர்களும் 2010இலும் 2014இலும் நேரில் உட்கார்ந்து பேசினார்கள். இழுவைமடியை விட மாட்டோம் என்று நம்மவர்கள் சொல்லவில்லை. அவகாசம் கேட்டார்கள், 2014இல் கேட்டது மூன்று ஆண்டு. எதிர்த்தரப்பு அதைச் சாக்குப்போக்காகப் பார்த்தது. படகை மாற்றப் பணம் புரட்ட எத்தனை காலம் ஆகும் என்ற கணக்குதான் இரு பக்கமும் ஓடியது.