தளபதிகள் இல்லாத படையெடுப்பு: 2001 மல்யுத்தக் கதையை ரசிகர்கள் மறக்காதது ஏன்?

ஹைதராபாத்: கச்சிபௌலியில் உள்ள பாலயோகி உள்விளையாட்டரங்கில் 2023 செப்டம்பர் 8 அன்று நடைபெற்ற டபிள்யூ.டபிள்யூ.இ. நிகழ்ச்சியில், ஜான் சீனா முதன்முறையாக இந்திய மண்ணில் மோதினார். அவருக்கும் முந்தைய வீரர்களைத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்த ரசிகர்களின் பழங்கதைகளில் தவறாமல் இடம்பெறுவது, 2001-இன் ‘இன்வேஷன்’.

அதன் அடிப்படை கற்பனையல்ல. அந்த ஆண்டு மார்ச்சில், டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்று அப்போது அழைக்கப்பட்ட இந்நிறுவனம், நீண்டகாலப் போட்டியாளரான டபிள்யூ.சி.டபிள்யூ.வை விலைக்கு வாங்கியது. வாங்கப்பட்டவர்களே வாங்கியவர்கள் மீது படையெடுப்பதாகக் கதை புனையப்பட்டது. ஜூலையில் இ.சி.டபிள்யூ. வீரர்களும் அவர்களுடன் கைகோத்தனர்.

ஆனால், படைக்குத் தளபதிகள் வரவில்லை. கோல்ட்பெர்க், ஸ்டிங், கெவின் நாஷ் ஆகியோரின் ஒப்பந்தங்கள் பழைய தாய் நிறுவனமான டைம் வார்னரிடமே இருந்தன. களமிறங்காமலேயே ஊதியம் கிடைத்ததால், அவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டனர். எதிரணிக்கு வலுச்சேர்க்க, டபிள்யூ.டபிள்யூ.எஃப். தன் முதன்மை நாயகன் ஸ்டீவ் ஆஸ்டினையே அணி மாறச் செய்ய வேண்டியதாயிற்று. ரசிகர்களின் ஆதங்கமும் இதுவே: இரு நிறுவனங்களின் மோதலாகத் தொடங்கியது, உட்பூசலாகச் சுருங்கிவிட்டது.

நவம்பர் 18 அன்று சர்வைவர் சீரிஸில் ஆஸ்டினை ராக் வீழ்த்த, கதை முடிந்தது. கோல்ட்பெர்க் 2003-இல் வந்தார். ஸ்டிங் வந்தபோது 2014 ஆகிவிட்டது. அதுவும் அதே சர்வைவர் சீரிஸ் மேடையில்.