பாக்குமட்டைத் தட்டில் விழ வேண்டிய குண்டு

மேட்டுப்பாளையத்தைச் சுற்றி வாழை வைத்திருப்பவர்களிடம் காட்டுப்பன்றியைப் பற்றிப் பேச்செடுத்தால், "சுடறதுக்கு உத்தரவு போட்டாச்சுன்னாங்களே, ஆளுங்க எப்பங்க வருவாங்க?" என்றுதான் முதலில் கேட்பார்கள். உத்தரவு வந்தது உண்மைதான். வருகிறவருக்குச் சுடத் தெரியுமா, அதை யார் எப்படிச் சோதித்தார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அந்தச் சோதனை எப்படி இருக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் சட்டம். வேட்டை என்ற பொழுதுபோக்கை 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதில் பின்னர் வந்த திருத்தங்களும் முடித்துவைத்துவிட்டன. காட்டுப்பன்றி இன்றைக்கு அந்தச் சட்டத்தின் 2-ஆம் அட்டவணையில் இருக்கிறது. உரிய அதிகாரியின் அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான் துப்பாக்கி, அதுவும் பயிற்சி பெற்ற வனத்துறையினர் கையில் மட்டும். ஆகவே, கல்லாறு, ஓடந்துறை, நெல்லித்துறை என்று மலையடிவாரத்திலேயே தோட்டம் வைத்திருப்பவர்களில் பலருக்குத் துப்பாக்கி வராது; கூண்டு வந்தால் உண்டு. பக்கத்துக் கேரளத்தில் 2022 முதல் அனுமதி தரும் அதிகாரம் உள்ளாட்சித் தலைவர்களிடம் போயிருக்கிறது; உரிமம் பெற்ற தனியாரும் சுடுகிறார்கள். நம் ஏற்பாடு கொஞ்சம் மந்தம். ஆனாலும் இதுதான் நல்லது என்று எனக்குப் படுகிறது. காரணத்தைக் கீழே படிக்கும்போது நீங்களே சொல்வீர்கள்.

சுடுதளத்தில் நடக்கும் பயிற்சியைப் பார்த்திருப்பீர்கள். பகல் வெளிச்சம், மணல் மூட்டை மேல் துப்பாக்கி, அளந்து வைத்த தூரம், அசையாத வட்டம். பத்துக் குண்டு போட்டு, நெருக்கமாக விழுந்தால் கைதட்டு. இதில் துப்பாக்கி நன்றாக இருக்கிறதா என்பது தெரியும். ஆள் எப்படி என்பது அவ்வளவாகத் தெரியாது. வாழைத்தோட்டத்தில் பன்றி பத்து முறை நின்று காட்டாது. விடியற்காலை நான்கு மணிக்கு, சுடுகிறவர் பாத்தியில் கால் புதைய நடந்து, மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது, அது டார்ச் வெளிச்சத்தில் சில நொடி நிற்கும். அந்த ஒரே குண்டுதான் கணக்கு.

நின்றபடி சுடுவது எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். குழலின் நீளம் 60 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் முனை 1 மில்லிமீட்டர் விலகினால், 100 மீட்டர் தூரத்தில் குண்டு ஏறக்குறைய 17 சென்டிமீட்டர் தள்ளி விழும். ஒரு மூச்சு இழுத்தாலே முனை அதற்கு மேல் ஆடும். அதனால்தான் பழகியவர்கள் நின்று சுடுவதைக் கடைசி வழியாக வைத்துக்கொண்டு, முடிந்தவரை உட்கார்ந்தோ மண்டியிட்டோ தென்னை மரத்தில் சாய்ந்தோ சுடுவார்கள்.

குறி எங்கே என்பது அடுத்தது. பன்றியின் இதயமும் நுரையீரலும் முன்னங்கால் சேரும் இடத்தை ஒட்டி, உடம்பில் தாழ்வாக இருக்கின்றன. முதுகு மயிர் சிலிர்த்து நிற்பதால் விலங்கு உள்ளதைவிட உயரமாகத் தெரியும். கண்ணுக்குத் தெரியும் உருவத்தின் நடுவைப் பார்த்துச் சுட்டால் குண்டு மேலே போய்விடும். சாகவும் சாகாது, நிற்கவும் நிற்காது. ஆக, சோதனைக்கு அட்டையில் வரைந்த வட்டங்கள் வேண்டியதில்லை. விசேஷ வீட்டில் பலகாரம் வைத்துத் தரும் 6 அங்குலப் பாக்குமட்டைத் தட்டு போதும். குண்டு தட்டில் விழுந்ததா, இல்லையா, அவ்வளவுதான். விளிம்புக்கு வெளியே ஒரு விரற்கடை தள்ளி விழுந்ததற்கு அரை மதிப்பெண் கிடையாது.

இந்தத் தட்டை வைத்து உண்மையான சோதனை எப்படி நடத்துவது? ஐந்து நாள், நாளுக்கு ஒரே குண்டு. முந்தைய குண்டுகளால் குழல் சூடேறியிருக்காது, கையும் பழகியிருக்காது. களத்தில் நிலைமை அதுதான். தூரத்தை யாரும் சொல்லக் கூடாது. சுடுகிறவரே மதிப்பிட வேண்டும். சுடுவதற்கு முன் நூறு அடி ஓடி வரச் சொல்லலாம். பத்து நொடிக்குள் முடிவெடுக்கச் சொல்லலாம். ஐந்தும் தட்டில் விழுந்த தூரம் எதுவோ அதுதான் அந்த ஆளின் எல்லை. 50 மீட்டரில் ஐந்துக்கு ஐந்து, 80-இல் நான்கு என்றால் அவர் 50 மீட்டர் ஆள். பள்ளிக்கூடத்தில் ஐந்துக்கு நான்கு முதல் வகுப்பு. இங்கே அந்த ஐந்தாவது குண்டு, குடல் கிழிந்து கரும்புக்குள் போய்ப் படுத்துக்கொண்ட பன்றி. மறுநாள் காலை அந்த வழியாகத் தண்ணீர் கட்டப் போகிறவர் யார் என்று யோசித்துப் பாருங்கள்.

நார்வேயில் பெருவிலங்கு வேட்டைக்குப் போகிறவர் ஆண்டுதோறும் சுடும் தேர்வில் தேற வேண்டும். 100 மீட்டரில் கலைமான் உருவம், அதில் 30 சென்டிமீட்டர் வட்டம், ஐந்து குண்டும் உள்ளே விழ வேண்டும். பன்றி சிறிய உருவம் என்பதால் நாம் வட்டத்தைப் பாதியாக்கிக்கொள்கிறோம். ஓடும் பன்றியின் படத்தைச் சுடும் போட்டி 1972 மியூனிக் ஒலிம்பிக்கில்கூட இடம்பெற்றது, வேகச் சுற்றில் படம் 2.5 நொடியில் கடந்து போய்விடும். உலகத் தரத்து வீரர்களுக்கு அது சரி. ஊருக்குள் வந்து சுடுகிறவர் ஓடும் பன்றியைச் சுடவே கூடாது என்பேன்.

சோதனையில் பலரும் விட்டுவிடும் பகுதி, சுடாமல் இருப்பது. ரைபிள் குண்டு குறி தவறினால் கிலோமீட்டர் கணக்கில் போகும். பன்றிக்குப் பின்னால் மண்மேடோ உயர்ந்த கரையோ இருக்க வேண்டும். வாழை மரம் தடுக்கும் என்று நினைப்பது அபத்தம். அது தண்ணீரும் நாரும்தான். பின்னால் மோட்டார் ரூம், அதில் காவலுக்குப் படுத்திருப்பவர், அதற்கும் அப்பால் பேருந்து போகும் சாலை. எனவே அந்த ஐந்துக்கு மேல் இன்னும் இரண்டு தட்டுகளை வேண்டுமென்றே பின்கரை இல்லாத இடத்தில் வைக்க வேண்டும். அவற்றில் ஒன்றைச் சுட்டவர், நடுவிலேயே அடித்திருந்தாலும், தேர்வில் தோற்றவர்.

மேட்டுப்பாளையத்துக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த இன்னொரு துப்பாக்கி உண்டு: மயக்க ஊசித் துப்பாக்கி. இந்தப் பக்கம் சுற்றும் பாகுபலி என்ற காட்டு யானைக்கு மயக்க ஊசி போட்டு ரேடியோ காலர் மாட்ட 2021-இல் கும்கி யானைகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வாகான வாய்ப்பு அமையாமல் முயற்சி கைவிடப்பட்டது. வேடிக்கை பார்த்தவர்கள் அலுத்துக்கொண்டார்கள். ஊசியின் கணக்கு தெரிந்தால் அலுப்பு வராது. ரைபிள் குண்டு நொடிக்கு எழுநூறு, எண்ணூறு மீட்டர் போகும். ஊசியை நொடிக்கு 60 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 30 மீட்டருக்குக் குறிபார்த்துச் செலுத்தியது, 35 மீட்டரில் நிற்கும் விலங்கில் ஒரு சாண் கீழே போய்ப் படும். ஐந்து மீட்டர் தூரத்தைத் தவறாக மதிப்பிட்டதற்கு அவ்வளவு தண்டனை. சரியாகப் பட்டாலும் மருந்து வேலை செய்ய நேரம் வேண்டும். 2021 அக்டோபர் 14 இரவு மசினகுடிப் பக்கம், வனத்துறை தேடிக்கொண்டிருந்த டி23 என்ற புலிக்கு ஊசி பட்டது; அது புதருக்குள் ஓடிவிட்டது. மறுநாள்தான் பிடித்தார்கள்.

உங்கள் ஊருக்குச் சுடும் குழு வருவதாக இருந்தால், பன்றி எந்தப் பக்கமாக நுழைகிறது என்பதோடு, எந்தெந்த மோட்டார் ரூமில் ஆள் படுக்கிறார், எந்த வரப்பு உயரம், எந்தப் பக்கம் வீடு என்பதையும் பகலிலேயே கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள். அன்று இரவு நாய்களைக் கட்டிப் போடுங்கள். அடிபட்ட பன்றி தப்பி ஓடினால் கம்பு எடுத்துக்கொண்டு பின்னால் போகாதீர்கள். தேடுவது அந்தக் குழுவின் வேலை. மூன்று மணி நேரம் காத்திருந்துவிட்டு ஒரு குண்டுகூடப் போடாமல் அவர்கள் திரும்பிப் போனால், டீ வாங்கிக் கொடுத்து இன்னொரு நாள் வரச் சொல்லுங்கள்.