காதில் விழுந்தும் கேளாதவர்

“ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை உங்கள் வீட்டில் திருடன் புகப் போகிறான்” என்று நாலு பேர் வந்து சொன்னால் என்ன செய்வீர்கள்? இரவு முழுவதும் விழித்திருப்பீர்கள் அல்லவா? ஒரு வல்லரசின் தலைவர் அப்படிச் செய்யவில்லை!

1941-ம் வருஷம் ஜூன் 22-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. பொழுது புலருமுன் ஜெர்மானியப் படை சோவியத் எல்லைக்குள் பாய்ந்தது. படையெடுப்பில் ஈடுபட்ட துருப்புகள் 30 லட்சத்துக்கும் அதிகம்.

ஸ்டாலினுக்கு முன்கூட்டியே தெரியாதா? நன்றாகத் தெரிவித்திருந்தார்கள். டோக்கியோவில் ஜெர்மன் பத்திரிகை நிருபராக நடமாடிய சோவியத் ஒற்றர் ரிச்சர்டு சோர்கே, கம்பியில்லாத் தந்தியில் செய்தி அனுப்பினார். பிரிட்டிஷ் பிரதம மந்திரி சர்ச்சில் ஏப்ரலிலேயே எச்சரித்தார். ஜூன் 17-ந் தேதி, ஜெர்மன் விமானப் படைத் தலைமையகத்துக்குள் இருந்த ஒற்றரின் தகவலும் வந்தது. அந்தக் காகிதத்தின் மேல் ஸ்டாலின் வசைமொழியைக் கிறுக்கினார்! முதல் நாள் இரவு ஒரு ஜெர்மன் சிப்பாய் ஆற்றை நீந்தி வந்து, “விடிந்தால் தாக்குதல்” என்று சொன்னான். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

ஸ்டாலின் முட்டாள் அல்ல. 1939 ஆகஸ்டில் ஹிட்லருடன் ஒப்பந்தம் செய்திருந்தார். பிரிட்டனை முடிக்காமல் ஹிட்லர் இன்னொரு பக்கம் சண்டைக்குப் போக மாட்டான் என்பது அவர் போட்ட கணக்கு. சர்ச்சிலின் எச்சரிக்கையோ, இருவரையும் மோதவிடும் சூழ்ச்சியாகத் தோன்றியது. முன்பு சொல்லப்பட்ட சில தேதிகள் ஒன்றும் நடவாமல் கழிந்ததும், ‘புலி வருகிறது’ கதையாகிவிட்டது.

ஆனால் இவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அதுதான் பயம். மனத்தில் பட்டதைச் சொல்லும் ராணுவ ஒற்றர் இலாகாத் தலைவர் புரோஸ்குரோவின் பதவி 1940-ல் பறிபோயிற்று. மறு வருஷம் அவரைச் சுட்டே கொன்றார்கள். அடுத்து வந்த கோலிகோவ் அந்தத் தவறைச் செய்வாரா? 1941 மார்ச்சில், வந்த தகவல்களை வரிசையாக எழுதிவிட்டு, “இவை எதிரிகள் கிளப்பிவிட்ட வதந்தியாக இருக்கலாம்” என்று முடித்தார். தலைவர் கேட்க விரும்பியதும் அதுதானே!

பலன்? முதல் நாளிலேயே ஆயிரத்துக்கு மேற்பட்ட சோவியத் விமானங்கள் அழிந்தன. பெரும்பாலானவை தரையைவிட்டு எழும்பவே இல்லை.

சோர்கேயை ஜப்பானியர் பிடித்து 1944-ல் தூக்கிலிட்டனர். அவருக்கு ‘சோவியத் வீரர்’ பட்டம் கிடைத்தது 1964-ல்தான்.

உண்மையைச் சொல்பவனுக்குத் தண்டனை என்று ஆகிவிட்டால், ஆள்பவரின் செவிக்கு இனிப்பான செய்தி மட்டுமே எட்டும். அதன் கசப்பைச் சாப்பிடுகிறவர்கள் ஜனங்கள்தான்!