மஞ்சள் நதியும் அதன் வண்டலும்

சீன தேசத்தின் வடபாகத்தில் ஓடும் ஹுவாங் ஹோ என்னும் நதி தமிழில் மஞ்சள் நதி என்று வழங்கப்படுகிறது. இது திபெத்து பீடபூமியின் வடகிழக்கிலுள்ள பாயன் ஹார் மலையில் உற்பத்தியாகி, சுமார் 3,400 மைல் வளைந்தோடிப் போஹாய் கடலில் கலக்கிறது. இவ்வளவு நீளமிருந்தும் இதில் ஓடும் ஜலம் சொற்பமே; தெற்கேயுள்ள யாங்ட்ஸி நதியின் ஜலத்தில் பதினைந்தில் ஒரு பங்குகூட இல்லை. வண்டலோ அபரிமிதம். 20-ம் நூற்றாண்டின் மத்தியில் கண்ட கணக்குப்படி, வருஷம் ஒன்றுக்குச் சராசரி 160 கோடி டன் மண் இந்நதியில் அடித்து வரப்பட்டது. அதாவது, ஒரு கன அடி ஜலத்தில் இரண்டு ராத்தலுக்கு மேற்பட்ட மண்.

இம்மண் எங்கிருந்து வருகிறது என்பதே முக்கியமாகக் கவனிக்கத்தக்கது. நதியின் நடுப்பாகத்தில் லோயஸ் எனப்படும் மஞ்சள் மண் மேட்டு நிலம் பரந்து கிடக்கிறது. வடமேற்குப் பாலைவனங்களிலிருந்து காற்றினால் நெடுங்காலமாகக் கொண்டுவந்து குவிக்கப்பட்ட இந்த நுண்பொடி, பல இடங்களில் 300 அடிக்கும் மேற்பட்ட ஆழமுள்ளது. கல்லில்லாதது; ஏருக்கு இளகியது; சத்துள்ளது. சுமார் எட்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்நதிப் பிரதேசத்தில் தினை பயிராயிற்று. ஆனால் மரமும் புல்லும் நீக்கப்பட்ட சரிவுகளில் ஜூலை, ஆகஸ்டு மாதத்துப் பெருமழை விழுந்தால், இம்மண் கரைந்து ஓடைகளில் இறங்கிவிடுகிறது. மேட்டுக் குடியானவன் இழந்த மேல்மண்ணே சமவெளிக் குடியானவனுக்கு முதலில் வயலாகவும், பின்னர் வெள்ளமாகவும் வந்து சேர்ந்தது.

வட சீனச் சமவெளியின் பெரும்பாகம் இவ்வண்டலால் உண்டானதே. மலைகளைவிட்டு நதி வெளிப்பட்டதும் வாட்டம் குறைகிறது, வேகம் தணிகிறது, மண் அடியில் படிகிறது. படுகை உயர உயரக் கரையையும் உயர்த்தினார்கள். கரை உயர்ந்ததும் படுகை மேலும் உயர்ந்தது. இதன் பயனாக, கைஃபெங் நகரத்தருகே நதிப்படுகை நகரத்தின் தரைமட்டத்திற்குச் சுமார் 30 அடி மேலே இருக்கிறது. சமவெளியின் மழைஜலம் இந்நதிக்குள் வடிய வழியில்லை. கரையில் ஒருமுறை உடைப்பு ஏற்பட்டால் வெளியேறிய ஜலம் தானாகத் திரும்புவதுமில்லை.

மிங் வமிச காலத்தில் நதிப் பராமரிப்பு அதிகாரியாயிருந்த பான் ஜிஷுன் (1521–1595) இதற்கு நூதனமான ஒரு யோசனை கண்டார். ஆற்றை அகலப்படுத்தினால் வேகம் குறைந்து மண் படியும். குறுக்கினால் வேகம் மிகுந்து, ஜலமே படுகையை அரித்துச் செல்லும் என்பது அவர் கொள்கை. ஆகவே ஓரத்தில் நெருங்கிய கரை ஒன்றும், பெருவெள்ளத்திற்காகத் தூரத்தில் இரண்டாவது கரை ஒன்றும் போடுவித்தார். யோசனை சரியானதே, எனினும் வந்த மண் அவ்வளவையும் கடல் வரையில் தள்ளுவதற்கு ஜலம் போதவில்லை.

உடைப்பை அடைக்கும் முறை விவசாயிகளுக்கு ருசிகரமாயிருக்கும். சோளத்தட்டைகளைச் சணற்கயிற்றால் பெரும் கட்டுகளாகக் கட்டி, மண்ணுடன் மாற்றி மாற்றி அடுக்கி, இரு முனைகளிலிருந்தும் நடுவை நோக்கி அமிழ்த்துவார்கள். தட்டையையும் ஆட்களையும் சுற்றுக் கிராமங்களே கொடுக்க வேண்டியிருந்தது. கடைசி இடைவெளியை மூடுவதே கஷ்டம். 1887-ம் வருஷம் ஜெங்ஜோவுக்கு அருகில் உண்டான உடைப்பு 1889-ம் வருஷ ஆரம்பத்தில்தான் மூடப்பட்டது. அதில் ஒன்பது லட்சம் பேருக்குக் குறையாமல் மாண்டனர் என்று மதிப்பிடப்படுகிறது.

நதி தன் போக்கையே மாற்றியதும் உண்டு. 1855-க்கு முன் அது ஷாண்டுங் தீபகற்பத்திற்குத் தெற்கே கடலில் விழுந்தது. அவ்வருஷத்து உடைப்பிற்குப் பின் வடக்கே திரும்பிற்று. தைப்பிங் கலகத்தில் ஈடுபட்டிருந்த அரசாங்கத்தாரால் அவ்வுடைப்பு அடைக்கப்படவில்லை. மனிதரே கரையை வெட்டியதும் உண்டு. 1938-ம் வருஷம் ஜூன் மாதம், ஜப்பானியர் படையைத் தடுக்கும்பொருட்டுச் சீனச் சேனையினரே ஹுவாயுவான்கோவில் கரையை உடைத்தனர். குடிகளுக்குத் தக்க முன்னறிவிப்பில்லை. பல லட்சம் பேர் இறந்தனர். 1947-ம் வருஷம் மார்ச்சு மாதம் வரையில் நதி தெற்கே பாய்ந்து வயல்களை மண்மூடச் செய்தது.

1960-ம் வருஷம் ஜலம் தேக்கத் தொடங்கிய ஸான்மென்ஷியா அணை, இரண்டு வருஷங்களுக்குள்ளாகவே வண்டலால் தூர்ந்து, மேலேயுள்ள வெய் நதிப் பிரதேசத்தை வெள்ள அபாயத்திற்குள்ளாக்கிற்று. மண் வெளியேற அடியில் மதகுகள் திறக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகே மேட்டு நிலத்தின்மீது அதிக கவனம் செலுத்தப்பட்டது. சரிவுகள் படிநிலங்களாக வெட்டப்பட்டன; ஓடைகளின் குறுக்கே மண் அடைப்புகள் போடப்பட்டன. 1999 முதல், செங்குத்தான சரிவுகளில் உழவை விட்டு மரம் வைத்த குடிகளுக்கு அரசாங்கத்தார் தானியமும் பணமும் கொடுத்து வந்தனர். ஓடை அடைப்பில் தங்கிய வண்டலே ஈரங்காக்கும் நல்ல நிலமாயிற்று. சரிவு நிலத்தைவிட அதில் விளைவு மிக அதிகம்.

இம்முறைகளாலும், அணைகளாலும், ஜலம் குறைந்ததாலும், 2000-க்குப் பின் நதியின் வண்டல் வருஷத்திற்குச் சராசரி 30 கோடி டன்னுக்கும் கீழே இறங்கியிருக்கிறது. 2002 முதல் ஷியாவ்லாங்டி அணையிலிருந்து ஜலத்தை வேகமாகத் திறந்துவிட்டுக் கீழ்ப்படுகையின் மண்ணை அரித்துக் கடலுக்கு அனுப்புகிறார்கள். அதனால் ஓடுகால் சில அடி ஆழ்ந்திருக்கிறது. ஆயினும் படுகை இன்னும் சமவெளிக்கு மேலேயே இருப்பதால், கரைகளின் காவல் நிறுத்தப்படவில்லை.