சரளை மண்ணும் நம் கிணறும்

கீரிப்பாறையை நோக்கிச் செல்லும்போது, ரப்பர்த் தோட்டங்களுக்கிடையே வெட்டப்பட்ட சரிவுகளில் செக்கச் சிவந்த மண்ணைக் காண்கிறோம். சாலைக்கும் வீட்டு அடித்தளத்திற்கும் நிரப்ப நாம் தேடும் சரளை இத்தகைய மண்ணிலேயே கிடைக்கிறது.

மலையடிவாரத்துச் சரளைக் குழியொன்றின் பக்கச் சுவர், திறந்து வைத்த நூல் போன்றது. மேலே இலைமக்குக் கலந்த மெல்லிய வளமண், அடுத்துச் செம்மண், அதன்கீழ்ச் சரளை, அதற்கும் கீழே வெளிறிய களிமண், அடியிலே பாறை. இரு பருவமழைகளும் நெடுங்காலமாகப் பாறையின் மணற்சத்தைக் கரைத்துச் செல்ல, எஞ்சிய இரும்பு இறுகிச் சரளையாயிற்று. 1807-இல் வெளியான தம் நூலில், மலபாரின் அங்காடிப்புரத்தில் கண்ட இவ்வகை மண்ணுக்கு 'லேட்டரைட்' எனப் பெயரிட்டார் பிரான்சிஸ் புக்கானன். 'லாட்டெர்' என்றால் இலத்தீனில் செங்கல்.

சரளை வழியே இறங்கும் மழைநீர் களிமண்மேல் தங்கி, மெல்ல நகர்ந்து கிணறுகளில் ஊறுகிறது. சரளை முழுவதையும் அகற்றினால் நீர் தங்க இடமேது? வெளிப்பட்ட களிமண்ணோ பெருமழையில் கரைந்து சரியும்.

ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த குத்தகைக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டுமென உச்சநீதிமன்றம் 2012-இல் கூறியது. நிலம் கொடுப்போர் அதைக் கேட்டறிக. மேல்மண்ணைத் தனியே குவித்து, பணி முடிந்தபின் மீண்டும் பரப்பி மரம் நடச் செய்க. களிமண் தெரியுமட்டும் தோண்ட இசையாதீர்.

ஆதாம் என்னும் பெயர், மண்ணைக் குறிக்கும் எபிரேயச் சொல்லோடு உறவுடையது. சரளை விற்ற பணம் சில ஆண்டுகளில் தீரும். வற்றிய கிணற்றைப் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்வது கிறிஸ்தவக் குடும்பத்திற்கு அழகன்று.