போராட்டமும் நிலைத்த சமூக மாற்றமும்: அரியலூர் வட்டாரத்தின் இரு சான்றுகள்

மக்கள் ஒரு கோரிக்கைக்காக ஒன்றுதிரண்டு அரசை வற்புறுத்துவது போராட்டம் எனப்படும். போராட்டத்தால் ஓர் ஆணை திரும்பப் பெறப்படலாம். ஒரு வாக்குறுதி கிடைக்கலாம். அந்த வெற்றி அடுத்த தலைமுறைக்கும் நிலைக்குமா என்பது வேறு கேள்வி. இதற்கு விடை காண, இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் அடங்கிய வட்டாரத்தோடு தொடர்புடைய இரு போராட்டங்கள் உதவுகின்றன. ஒன்று மொழிப்போர்; மற்றொன்று நீட் எதிர்ப்பு.

ஆணையளவில் நின்ற வெற்றி

1938ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் இராஜாஜி தலைமையிலான அரசு 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியது. எதிர்த்துப் போராடிய ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை சென்றனர். நடராசன், தாளமுத்து ஆகிய இருவர் சிறைத்தண்டனைக் காலத்தில் இறந்தனர். 1940 பிப்ரவரியில் ஆணை நீக்கப்பட்டது. ஆயினும் 1948இல் இந்தி மீண்டும் பள்ளிகளுக்கு வந்தது. மக்கள் மீண்டும் போராட வேண்டியதாயிற்று. ஓர் அரசாணையை நீக்கினால், அடுத்து வரும் அரசு மற்றோர் ஆணையால் அதைக் கொண்டுவந்துவிட முடியும் என்பதே காரணம்.

சட்டமாகிய வெற்றி

அரசியலமைப்பின்படி 1965 சனவரி 26 முதல் இந்தி மட்டுமே நடுவண் அரசின் ஆட்சிமொழியாக வேண்டும். அதன் பின்னும் ஆங்கிலம் தொடரலாம் என்று 1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் கூறியது. ‘தொடரலாம்’ என்பது உறுதி ஆகாது என்பதே தமிழ்நாட்டின் அச்சம்.

இச்சூழலில், கீழப்பழுவூரைச் சேர்ந்த சின்னச்சாமி என்ற இளைஞர் 1964 சனவரி 25 அன்று திருச்சியில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். ஓராண்டு கழித்து மாணவர் போராட்டம் மாநிலம் முழுவதும் பரவியது. ஏறத்தாழ 70 பேர் இறந்ததாக அரசுத் தரப்புக் கணக்கு கூறுகிறது. பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் உறுதிமொழி அளித்தார்.

மாற்றம் உறுதிமொழியோடு நிற்கவில்லை. 1967 தேர்தலில் தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. அதே ஆண்டு நாடாளுமன்றம் ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தியது. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்களின் சட்டமன்றங்கள் அனைத்தும் தீர்மானம் நிறைவேற்றி, பின்னர் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானம் நிறைவேற்றும் வரை ஆங்கிலம் நீடிக்கும் என்பது இத்திருத்தத்தின் சாரம். 1968 சனவரி 23 அன்று தமிழகச் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையை ஏற்றது. 1976ஆம் ஆண்டின் ஆட்சிமொழி விதிகளில் தமிழ்நாட்டுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. இவை இன்றும் நடைமுறையில் உள்ளன.

எனினும், தடுப்பது வேறு, வளர்ப்பது வேறு. மொழிப்போருக்குப் பின்னும் தமிழைப் பயிலாமலேயே தமிழ்நாட்டில் பள்ளிப் படிப்பை முடிக்க முடிந்தது. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்கும் சட்டத்தால்தான் 10ஆம் வகுப்பு வரை தமிழ் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது.

பாதி வழியில் நிற்கும் கோரிக்கை

2017ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் மருத்துவச் சேர்க்கைக்கு நீட் தேர்வு கட்டாயமானது. அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதா, சுமைதூக்கும் தொழிலாளியின் மகள். பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 மதிப்பெண் பெற்றவர். நீட் தேர்வுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் வரை சென்றும் பயனில்லாத நிலையில், 2017 செப்டம்பர் 1 அன்று அவர் உயிரிழந்தார். மாநிலமெங்கும் மாணவர்கள் போராடினர்.

இதன் விளைவுகள் இருவகைப்படும். 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இளநிலை மருத்துவப் படிப்புகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கும் மாநிலச் சட்டம் வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2022இல் அதை உறுதி செய்தது. இதனால் எளிய குடும்பத்து மாணவர்கள் ஆண்டுதோறும் மருத்துவம் பயில்கின்றனர். ஆனால் நீட் விலக்கு என்னும் முதன்மைக் கோரிக்கை நிறைவேறவில்லை. 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தால் கல்வி பொதுப்பட்டியலுக்குச் சென்றது. ஆகவே நடுவண் சட்டத்துக்கு மாறான மாநிலச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் தேவை. தமிழ்நாட்டின் நீட் விலக்கு மசோதாவுக்கு அந்த ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது.

இரண்டும் உணர்த்துவன

இரு நிகழ்வுகளிலும் இளம் உயிர்களின் இழப்பு மக்களை உலுக்கியது. ஆனால் சட்டங்களை மாற்றியவை ஊர்வலங்களும் தேர்தல்களும் அவை விவாதங்களும் நீதிமன்ற வாதங்களும்தாம். அவற்றை நடத்த மனிதர்கள் உயிரோடு இருக்க வேண்டும். இழந்த உயிருக்கு எந்தச் சட்டமும் ஈடாகாது.

போராட்டம் ஒரு சிக்கலை எல்லோரும் பேசும்படி செய்கிறது. அதன் பயன் நிலைப்பது, கோரிக்கை எந்த மன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டதோ அந்த மன்றத்தில் சட்டமாகும்போதுதான். மொழிப்போரின் கோரிக்கை நாடாளுமன்றச் சட்டமாயிற்று. நீட் கோரிக்கையில் மாநிலத்தின் கைக்கு எட்டிய பகுதி மட்டும் சட்டமாகியுள்ளது. எஞ்சிய பகுதி நாடாளுமன்றத்தின் கையில் உள்ளது.