கிரெட்டேசியஸ் மகரந்தம்: இனங்காணலும் வகைப்படுத்தலும்

ஏறத்தாழ 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிவுற்ற காலப்பகுதியைப் புவியியலாளர் கிரெட்டேசியஸ் என்பர். பூக்கும் தாவரங்கள் பெருகியது இக்காலத்தில்தான். எனினும் அதன் முற்பகுதிக் காடுகளில் மேலோங்கி நின்றவை கனிக்குள் விதையை மறைக்காத திறந்த விதைத் தாவரங்களே. அம்மரங்களில் பெரும்பாலானவை மக்கி மறைந்தன, மகரந்தம் எஞ்சியது. அதன் வெளியுறையிலுள்ள ஸ்போரோபொல்லெனின் அத்துணை உறுதி வாய்ந்தது. பாறையைக் கரைப்பதற்கு, கண்ணாடியையே அரிக்கும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தைப் பயன்படுத்தினாலும் அவ்வுறை கரைவதில்லை.

இவ்வாறு பிரித்தெடுத்த துகளை நுண்ணோக்கியில் ஆராய்வோர் முதலில் நோக்குவது காற்றுப்பைகளையும் திறப்புகளையுமே. இரு காற்றுப்பைகள் இருப்பின் அது பைன், போடோகார்ப் போன்ற ஊசியிலை மரங்களை நினைவூட்டும். நீளவாக்கில் முகடுகள் ஓடினால் எபெட்ரிபைட்டிஸ்; பையுமின்றித் திறப்புமின்றிப் பரப்பு மட்டும் பொடிமணல் தூவியதுபோல் இருந்தால் அரௌகாரியாசைட்டிஸ்.

சிக்கல் தொடங்குவது ஒற்றைப் பள்ளமுடைய துகள்களில்தான். சைகஸ், கிங்கோ, அற்றுப்போன பென்னெட்டிடேலிஸ் ஆகிய மூன்றும் ஏறக்குறைய ஒரே தோற்றமுடைய மகரந்தத்தை உண்டாக்கின. சென்னைக்கு அருகேயுள்ள ஸ்ரீபெரும்புதூர்ப் பாறைகளில் பென்னெட்டிடேலிஸ் வகையைச் சேர்ந்த டைலோஃபில்லம் இலைகள் கிடைக்கின்றன. அதே பாறையில் ஒற்றைப் பள்ளத் துகள் கிடைத்தால் அதுவும் அச்செடியினுடையதே என்று கூறிவிட இயலுமா? இயலாது. காற்றும் நீரும் மகரந்தத்தை நெடுந்தொலைவு கொண்டுசெல்லும். ஆகவேதான் தாய்ச்செடியைக் குறிப்பிடாமல், வடிவத்தை மட்டும் குறிக்கும் சைகடோபைட்டிஸ் போன்ற பெயர்கள் வழங்கப்படுகின்றன. இதனை அறியாமையின் அடையாளமாகக் கருதுவது தவறு. அது அறிவின் எல்லையை நேர்மையாக வரையும் முறையாகும்.

துகள் ஆண்கூம்பினுள்ளேயே கிடைக்கும்போது இவ்வையம் நீங்குகிறது. கிளாசோபோலிஸ் அத்தகையது. நடுவில் வரிகளோடு கூடிய பட்டை, ஒரு முனையில் சிறு துளை, பெரும்பாலும் நான்கு துகள்கள் ஒட்டியே இருத்தல் என்பன அதன் அடையாளங்கள். கீரோலெபிடியேசி என்னும் அற்றுப்போன ஊசியிலைக் குடும்பத்தின் கூம்புகளில் அது கண்டெடுக்கப்பட்டமையால் தாய்க்குடும்பம் உறுதியாயிற்று. இதன் பெயரில்கூட வழக்கு உண்டு: 1949இல் மல்யாவ்கினா இட்ட கொரோல்லினாவே முந்தியது என ஒரு சாரார் வாதிட்டனர், ஆயினும் 1953இல் ஃபுளுக் இட்ட கிளாசோபோலிஸே பரவலாக வழங்கிவருகிறது.

வேறோர் எச்சரிக்கையும் தேவை. பழைய பாறை அரிக்கப்பட்டு அதிலுள்ள மகரந்தம் புதிய படிவில் சேர்வதுண்டு. கிரெட்டேசியஸ் மாதிரியில் வரியோடிய இரட்டைப்பைத் துகள்கள் தென்பட்டால், அவை அதனினும் பல கோடி ஆண்டு முந்திய பெர்மியன் காலத்தனவாக இருக்கலாம். அவற்றைக் கொண்டு பாறையின் வயதைக் கணிப்பவர் பெரும் பிழைக்கு ஆளாவார். வெளியுறையின் நிறம் இங்கு ஓரளவு துணைபுரியும்: மிகுந்த வெப்பத்துக்கு உட்பட்ட துகள் மஞ்சள் நீங்கிப் பழுப்பாகவும், பின்னர்க் கருமையாகவும் மாறும்.